ஆயிரம் மீற்றர் அண்ணையின் போத்தல்கள்

மொன்றியலில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் எத்தனையோ உயரத்துக்குப் போயிருக்கிறார்கள். டொக்டரானவர்கள் உண்டு. லவாலில் இரட்டைக் கராஜ் வைத்த வீடு வாங்கியவர்கள் உண்டு. கோயில் நிர்வாகசபைத் தலைவராகி, இறங்க மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. ஆனால் ஆயிரம் மீற்றர் அண்ணையின் உயரத்தை இவர்களில் ஒருவரும் எட்டவில்லை என்று நான் எந்தச் சந்நிதியிலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவேன். இத்தனைக்கும் அவர் குடியிருந்தது நிலமட்டத்துக்குக் கீழே.

சொந்தப் பெயர் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாடகைக்கு இருக்கிறவர், வேலைக்குப் போகிறவர், பெயரில்லாமல் முடியுமா? ஆனால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. என் ரெலிபோனில் அவர் '1000 மீ' என்றுதான் பதிவாகியிருக்கிறார். ஒருநாள் அது அடித்தபோது எட்டிப் பார்த்த என் மகள், "அப்பா, இந்த வயசில ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்திட்டீங்களே?" என்று கேட்டாள்.

பட்டம் வந்த காரணம் எளிது. "ஆயிரம் மீற்றருக்குக் கீழ விளைஞ்ச வைனை நான் வாயில வைக்கமாட்டன்" என்று அவர் கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு மனிதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்போம். அண்ணை ஒரு போத்தலைக் கண்டால், "எவ்வளவு உயரம்?" என்று கேட்பார்.

அவர் வாயில் வைத்தது ஒரே ஒரு வைன்தான். ஸ்பெயின்காரருடைய சிவப்பு வைன். கார்னாச்சா என்கிற முந்திரிகை இனத்தில் வடித்தது. முந்திரிகை என்றால் கஜுவை நினைக்க வேண்டாம், எங்கள் பக்கத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். அந்தக் கொடிகளைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால், யாரோ கிட்டிய சொந்தக்காரரின் கஷ்டகாலத்தைச் சொல்வதுபோல் இருக்கும்.

"எங்கட ஊரில முந்திரிகைக்குப் பந்தல் போடுவினம். பந்தல் எண்டா என்ன? சொகுசு. இது பந்தல் இல்லாமல் தன்ர காலில நிக்கிற கொடி, தம்பி. கிழடுகள். எண்பது, தொண்ணூறு வயசு. மலைக்கு மேல கல்லு நிலம். ஒருத்தரும் தண்ணி ஊத்திறேல்லை. பகலில வெயில் பிளக்கும், இரவில குளிர் கடிக்கும். அப்பிடியிருந்தும் ரெண்டு குலை காய்க்கும். ரெண்டு குலைதான். ஆனா அதுக்குள்ள முழு மலையும் இருக்கும்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பேக்கரியில் மாவோடு மாவாக நிற்கிறவன். படிப்புத் தராத குறைக்குக் கடவுள் எனக்குக் கவலையை அள்ளித் தந்திருக்கிறார். அந்த வயதில், அந்தக் குளிரில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற கொடிகளை நினைத்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணை இருந்தது பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு அரை நிலவறை வீட்டில். அவருடைய ஒரே யன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. அதனால் தெருவில் போகிறவர்களைக் காலில் போட்டிருக்கும் சப்பாத்தை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். நான் கதவைத் தட்டுமுன்பே, "வாடாப்பா, இடது சப்பாத்து வாய் பிளக்குது, கவனம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மேலே ஒரு நல்ல வீடு வாடகைக்கு வந்தபோது, போகமாட்டேன் என்றுவிட்டார். காரணம், அவருக்கு உயரம் என்றால் பயம்.

சாதாரணப் பயமில்லை. இந்த நகரத்து வீடுகளுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் மாடியில் இருந்த என்னுடைய பழைய வீட்டுக்கு அண்ணை வரும்போது, சுவரைப் பார்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறுவார். நான் மேலே நின்று, அவர் விழுந்தால் அம்புலன்ஸ்காரருக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று மனத்துக்குள் பாடமாக்கிக்கொண்டிருப்பேன். நகரத்து நடுவில் இருக்கிற மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருநாள் கேட்டேன். "அது மலையோ? அது மேடு. அதில முந்திரிகை வைச்சா எனக்கு வேண்டாம்" என்று சமாளித்துவிட்டார்.

தொழில், மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கிற லொறி. "லொறியும் உயரம்தானே அண்ணை?" என்றால், "ஸ்டியரிங் கையில இருந்தா உயரம் இல்லை" என்பார். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வரும் வைனைக் கிழக்குப் பக்கத்துக் களஞ்சியங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. ஒரு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, களஞ்சியக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த போத்தலில்தான் எல்லாம் தொடங்கியது. பின்பக்கத்து லேபலைத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார். கிழட்டுக் கொடி, ஆயிரம் மீற்றர் என்ற இரண்டு விஷயமும் விளங்கியிருக்கிறது. குடித்துப் பார்த்துவிட்டு, லேபலைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாராம்.

அதற்குப் பிறகு வைன் கொள்கலன் ஏற்றினால் அவர் லொறி ஓட்டுகிற விதமே மாறிவிட்டது. எங்கள் நகரத்துத் தெருக்குழிகள் உலகப் பிரசித்தம். அண்ணை ஒவ்வொரு குழியையும் சுற்றி, ஒன்பது மாதக்காரியை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவார்கள். முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டபோது, "மெஸியே, உள்ள இருக்கிறவைக்கு வயசு போயிட்டுது" என்று பதில் சொன்னாராம்.

இனி டிக்கிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களின் விழாக்களில் மண்டபத்துக்குள் நடப்பது பாதிதான். ஐயர், மணவறை, வீடியோக்காரர், பலகாரத்தட்டு எல்லாம் உள்ளே. மிச்சப் பாதி வெளியே, யாராவது ஒருவருடைய கார் டிக்கிக்குள். அங்கே ஒரு விஸ்கிப் போத்தல், கடதாசிக் குவளைகள், பிரட்டின ஆட்டிறைச்சி ஒரு டப்பா. ஆண்கள் ரெலிபோன் கதைக்கப் போவதுபோல ஒவ்வொருவராக நழுவுவார்கள். கழுத்தைப் பின்னுக்குச் சரித்து ஒரு இழுவை, ஒரு துண்டு இறைச்சி, வாய்க்குள் இரண்டு ஏலக்காய். அடுத்த நிமிஷம் உள்ளே நின்று அட்சதை போடுவார்கள். யாரும் ஏற்படுத்தாத, யாரும் மீறாத ஒழுங்கு அது.

அந்த ஒழுங்குக்குள் அண்ணை ஒரு வைன் போத்தலை இறக்கினார். ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சடங்கு, நல்ல மாரிகாலம், மூக்குமயிர் உறைகிற குளிர்.

"மூடி திறந்தாச்சு. இனி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது" என்றார்.

"ஏன் அண்ணை?" என்றான் குகன். ரொக்ஸ்பரோவில் இருக்கிறவன், என்னுடைய பழைய கூட்டாளி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

"அது மூச்சு விடவேணும்."

"எனக்கே இந்தக் குளிரில மூச்சு விடேலாமல் கிடக்கு."

"நீ ரொக்ஸ்பரோவில இருந்து வந்தனீ. அது எங்க இருந்து வந்தது எண்டு யோசிச்சுப் பார்."

திறந்த போத்தலைக் காருக்குள் வைத்திருந்தால் பொலிஸ் பிடிக்குமே என்று நான் காவலுக்கு நின்றேன். தூரத்தில் விளக்கொன்று சுழன்று சுழன்று வந்தது. கண்டதுதான் தாமதம், டிக்கியை அறைந்து சாத்தினேன். அது பனி அள்ளுகிற வாகனம் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணை போத்தலுக்குத் துணையாக உள்ளே குனிந்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவருடைய மேல்பாதி உள்ளே, கீழ்ப்பாதி வெளியே. முதுகு நொந்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போத்தல் சிந்தினதோ எண்டு பார்" என்றுதான் உள்ளேயிருந்து கேட்டார்.

ஒரு மணித்தியாலம் நின்றோம். வேறு வேலை இல்லாததால் கதைத்தோம். யாருடைய முழங்காலில் என்ன வலி, யாருடைய பிள்ளை தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறது, யாருக்கு வேலை போகப்போகிறது, எல்லாம் அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் தெரியவந்தது. கடைசியில் பார்த்தால் வைன் பாதி உறைந்திருந்தது. அண்ணை பதறிப்போய்ப் போத்தலை எடுத்துத் தன் கோட்டுக்குள், இடது கக்கத்துக்குள் வைத்து அணைத்துக்கொண்டார். "வைனும் கைப்பிள்ளையும் ஒண்டு. நெஞ்சுச் சூட்டில வைச்சிருக்கவேணும்" என்றார். உள்ளே பெண்பிள்ளைக்கு ஆலாத்தி முடிந்துவிட்டிருந்தது. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் வீட்டில் நல்ல பேச்சு விழுந்தது. அண்ணைக்குப் பேச ஆளில்லை, தனிக்கட்டை. அதற்குப் பிறகு எந்த விழாவுக்கு வந்தாலும் போத்தலைக் கோட்டுக்குள் அணைத்தபடிதான் மெற்றோவில் வந்து இறங்குவார். ஒரு மணித்தியாலம் கழித்து, இருட்டில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றித் தருவார்.

எங்கள் வட்டத்தில் ஒரு கண் டாக்டர் இருக்கிறார். சென்னைக்காரர், இங்கே வந்து நெடுங்காலம். வீட்டில் வைனுக்கென்றே குளிர் அலுமாரி வைத்திருக்கிறார். அவர் ஒருநாள் தன் வீட்டு விருந்தில் அண்ணையை மடக்கினார்.

"தவுசண்ட் மீட்டர், தவுசண்ட் மீட்டர்னு சொல்றீங்களே சார். அது நாக்குல தெரியுமா?"

"நாக்கில இல்லை டொக்டர், காதில. பிளேன் மேல ஏறேக்க காது அடைக்குமெல்லே? அப்பிடி ஒரு அடைப்பு."

டாக்டர் உள்ளே போய் இரண்டு கிளாஸில் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றில் அண்ணையின் வைன். மற்றதில் தெருமுனை டெப்பனர்க் கடையில் விற்கிற மலிவு வைன். அண்ணை இரண்டையும் குடித்தார். கண்ணை மூடினார். ஒரு விரலால் காதை அமத்தி அமத்தி விட்டுப் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவமானப்படப்போகிறாரே என்று நான் அவருடைய கோட்டு எங்கே கிடக்கிறது என்று தேடினேன்.

"இதுதான். வலக்காது அடைச்சிட்டுது."

அது டெப்பனர் வைன்.

சிரிப்பில் வீடு அதிர்ந்தது. அண்ணை கிளாஸை எடுத்து இன்னொரு வாய் குடித்தார். ஆற அமர யோசித்தார். "அப்ப அந்தக் கடைக்காரன் இதை ஆக மேல் தட்டில வைச்சிருந்திருக்கிறான்" என்றார். டாக்டர் சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தோற்றுப்போன ஒருவர் அந்த அறையில் அத்தனை பெரிய ஆளாகத் தெரிந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து டாக்டர் வீட்டு விசேஷத்துக்கு முதல் அழைப்பு அண்ணைக்குத்தான்.

யார் வீடு வாங்கிக் குடிபூந்தாலும் அண்ணை ஒரு போத்தலோடு போவார். வீட்டுக்காரியின் கையில் இரண்டு கையாலும் கொடுத்து, "படுக்கவைச்சுத்தான் வைக்கவேணும் பிள்ளை. வெளிச்சம் படப்படாது. ஒரு நல்ல நாளில திறவுங்கோ" என்பார். சில நாள் கழித்து ரெலிபோன் எடுத்து, "எப்பிடி இருந்தது?" என்று கேட்பார். எல்லாரும், "அருமை அண்ணை" என்பார்கள். "குகன் என்ன சொன்னவன் தெரியுமே? தொண்டையில பட்டு மாதிரி இறங்கினதாம்" என்று என்னிடம் வந்து சொல்லுவார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீடு வாங்காத எனக்கு இடைக்கிடை தந்த போத்தல்களை நான் அன்றைக்கன்றைக்கே குடித்து முடித்துவிடுவேன். ருசியால் இல்லை. உடையக்கூடிய சாமான் ஒன்று வீட்டில் இருந்தால் எனக்கு நிம்மதி இருக்காது.

இப்படி வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் வைன் நின்றுபோனது.

நானும் அவரோடு அவர் வாங்கும் அரசாங்க வைன் கடைக்குப் போயிருந்தேன். வழக்கமான தட்டில் வேறு ஏதோ போத்தல் இருந்தது. கடைப்பெண், "மெஸியே, செ ஃபினி" என்று கைகளை விரித்தாள். இனி வராதாம். இந்தப் பகுதியில் அதை ஒரே ஒரு ஆள்தான் வாங்குகிறாராம், அதனால் மேலிடத்தில் நிறுத்திவிட்டார்களாம்.

அண்ணை என்னைப் பார்த்தார். "ஆர் அந்த ஒரு ஆள் எண்டு கேள்."

"நீங்கள்தான் அண்ணை."

"விசர்க்கதை. ஊர் முழுக்கக் குடிக்குது." கொஞ்சம் யோசித்தார். "அவை வேற கடையில வாங்கியிருப்பினம்."

வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தோம். ஃபினி.

அடுத்து வந்த கலியாணத்துக்கு அண்ணை வரவில்லை. அதற்கடுத்த பிறந்தநாளுக்கும் வரவில்லை. டிக்கியடியில் நாங்கள் விஸ்கியை இழுத்தோம், இறைச்சியைக் கடித்தோம், முடிந்தது. பொறுங்கோ என்று சொல்ல ஆளில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கதை ஒன்றும் வராமல் உள்ளே போய் உட்கார்ந்தோம். மனுசிமாருக்கு ஆச்சரியம். "என்ன, இவ்வளவு கெதியா வந்திட்டியள், சண்டையோ?" என்று கேட்டார்கள். டாக்டர் எனக்கு ரெலிபோன் எடுத்து, "நம்ம தவுசண்ட் மீட்டர் எங்கப்பா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அதோடு என் கவலைக்குக் கால் முளைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் நானும் ஒருவழியாக லவாலில் ஒரு வீடு வாங்கியிருந்தேன். சனிக்கிழமை குடிபூரல். அண்ணையிடம் நேரில் சொல்லப் போனேன். என் சப்பாத்தைப் பற்றி உள்ளேயிருந்து ஒரு சொல் வரவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"சனிக்கிழமை வாறியள்தானே அண்ணை?"

"பாப்பம்."

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"உன்ர வீட்டுக் குடிபூரல். அதுக்கு வெறுங்கையோட எப்பிடியடாப்பா வாறது?"

"வேற ஏதும் வைன் கொண்டு வாங்கோவன்."

அவர் பார்த்த பார்வையில் நான் அந்தச் சொல்லைத் திருப்பி விழுங்கிவிட்டேன். "அப்ப பழம் கொண்டு வாங்கோ" என்றேன்.

"பழம் ஆரும் கொண்டருவினம்" என்றார். பிறகு யன்னலைப் பார்த்துச் சொன்னார்: "அதைக் குடிக்கத்தானே அவை என்னைக் கூப்பிட்டவை."

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மனுசி, "புலம்பினது காணும். போய்க் குகனிட்ட மடக்குக் கதிரையளை எடுத்துக்கொண்டு வாருங்கோ" என்று துரத்தினாள். ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். குகன் கதிரை எடுக்கக் கீழே போக, நான் அவனுடைய வரவேற்பறையில் நின்றேன். அங்கே ஒரு கண்ணாடி ஷோகேஸ். மேல் தட்டில் பிள்ளையின் நீச்சல் கோப்பைக்கும் ஒரு பிளாஸ்ரிக் கோபுரத்துக்கும் நடுவே, தலைக்கு மேல் ஒரு குட்டி லைற் எரிய, அண்ணையின் வைன் போத்தல் நின்றது. மூடி திறக்கப்படவில்லை. கழுத்தில் சந்தனமும் குங்குமமும்.

"குடிபூரலுக்கு வந்த சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வைச்சனான் அண்ணா" என்றாள் குகனின் மனுசி வதனி. "பேந்து வடிவாக் கிடக்கு எண்டு அப்பிடியே விட்டிட்டம்."

கதிரையோடு மேலே வந்த குகனைப் பிடித்தேன். "பட்டு மாதிரி இறங்கினது எண்டு சொன்னனீயெல்லே?"

"நான் விஸ்கி ஆள் எண்டு உனக்குத் தெரியாதே? டிக்கியடியில ஊத்தித் தந்ததும் நிலத்துக்குத்தான் போனது. அந்த மனுசன் ரெலிபோனில ஆசையாக் கேக்கேக்க வேற என்னத்தைச் சொல்லுறது?"

அங்கேயே நின்று மற்ற வீடுகளுக்கும் ரெலிபோன் எடுத்தேன். ஒரு வீட்டில் சாமி அறையில். ஒரு வீட்டில் மைக்ரோவேவுக்கு மேலே. மிச்சமெல்லாம் ஷோகேஸ். டாக்டர் மட்டும், "என் வைன் அலமாரியில படுத்திருக்குப்பா. எனக்கு என் டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்" என்றார். டாக்டருக்கும் ஒரு டாக்டர் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். டிக்கியடியில் மற்றவர்களும் குகன் மாதிரித்தானாம். இத்தனை வருஷத்தில் அண்ணை கொடுத்த வைனை அவரையும் என்னையும் தவிர ஒருவரும் குடிக்கவில்லை.

இதைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அந்த யன்னலுக்குக் கீழேயே இருந்துவிடுவார். இரண்டு நாள் பேக்கரியில் உப்புப் போட மறந்தேன். கடைசியில் மனுசி, "சொல்லிப்போட்டு வாருங்கோ. இல்லாட்டி புது வீட்டுக்கு நான் மட்டும்தான் குடிபோவன்" என்றாள்.

போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கத்தான் நினைத்தேன், வாய் நேரே போய் விழுந்தது. "அண்ணை, ஒருத்தரும் குடிக்கேல்லை. எல்லாம் அப்பிடியே கிடக்கு."

அவர் கோப்பையை வைத்தார். 

"எங்க வைச்சிருக்கிறாங்கள்?"

"ஷோகேஸில."

"நிண்டபடியோ, படுத்தபடியோ?"

"நிண்டபடி."

"வெளிச்சமோ?"

"லைற் போட்டு வைச்சிருக்கு அண்ணை."

அவர் எழுந்து கோட்டை மாட்டினார். "எடுடா காரை."

நெடுஞ்சாலையில் ஏறினோம். ரொக்ஸ்பரோ கிட்ட வந்தபோது கேட்டார்.

"அப்ப என்னத்துக்கடாப்பா இவ்வளவு காலமும் என்னைக் கூப்பிட்டவங்கள்?"

எட்டாம் வகுப்புக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? "தெரியேல்லை அண்ணை" என்றேன். "நீங்கள் வராட்டி ஒருத்தருக்கும் கதை வருகுதில்லை."

அவர் தெருவைப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போனபின், "மெதுவா ஓடு, முன்னால குழி" என்றார்.

குகன் வீட்டில் நுழைந்ததும் முதல் வேலையாக ஷோகேஸ் லைற்றை அணைத்தார். போத்தலை எடுத்து, நோயாளியின் நாடி பார்ப்பதுபோலக் கழுத்தைத் தடவினார். குகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அண்ணை அவனைத் தாண்டிப் போனார். "பொட்டு வடிவாத்தான் இருக்கு பிள்ளை" என்று வதனிக்கு மட்டும் சொன்னார். இப்படி வீடு வீடாகப் போனோம். மைக்ரோவேவ் வீடு மூன்றாம் மாடி, வெளியே இரும்புப் படி. நான் எடுத்துவருகிறேன் என்றேன். "உன்ர கை நடுங்கும்" என்று தானே ஏறினார், சுவரைப் பார்த்து, நண்டு மாதிரி. இறங்கும்போது போத்தல் கக்கத்தில், கண்கள் மூடி, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். கீழே போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். நான் அவர்களுக்குப் பொதுவாக "பொன்ஜூர்" சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பால் நல்லபடியாகப் பொங்கியது. ஐயர் போனதும் ஆண்களெல்லாம் ரெலிபோன் கதைக்க வெளியே வந்தார்கள். என் கார் டிக்கியில், மடித்த போர்வைக்குள், போத்தல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. டாக்டரும் தன்னுடையதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

மைக்ரோவேவ் போத்தலை அண்ணை முதலில் திறந்தார். மணந்தார். "இது வினாகிரி, ஊறுகாய் போட" என்றார். குகனுடையதும் அப்படித்தான். சாமி அறைப் போத்தலை மணந்துவிட்டு, "இது முத்தியடைஞ்சிட்டுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பழுதானவற்றையும் அவர் மூடிபோட்டுத் திரும்பப் போர்வைக்குள் படுக்கவைப்பதை எல்லோரும் பார்த்தோம். கடைசியாக டாக்டருடையது. மூடி வந்தது. மணந்தார். மறுபடியும் மணந்தார். ஒரு விரலைக் காதில் வைத்தார்.

"ஒரு மணித்தியாலம்" என்றார்.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நின்றோம், கதைத்தோம். குகன் தன் மூத்தவன் வீட்டைவிட்டுத் தனியே போகப்போகிறான் என்று சொன்னான். அது அதுவரை எனக்குத் தெரியாது. மனுசிமார் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, திரையை இழுத்து மூடினார்கள்.

ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. கடதாசிக் குவளையில் அண்ணையே ஊற்றினார். குகன் குடித்தான். முகம் ஒரு பக்கம் இழுத்தது.

"உண்மையைச் சொல்லட்டோ அண்ணை?"

"சொல்லு."

"கசக்குது."

 அண்ணை அவனை உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மெல்ல விரிந்தது. 'பட்டு மாதிரி' என்று கேட்ட நாளில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"இப்பதான்ரா நீ குடிச்சிருக்கிறாய்" என்றார்.

தன் குவளையில் இருந்ததையும் அவனுக்கே ஊற்றினார். "திரும்பக் குடி. மலை ஏறேக்க முதல் அப்பிடித்தான் இருக்கும்." குகன் இரண்டாவது வாயை மெதுவாகக் குடித்தான்.  கொஞ்ச நேரம் கழித்து, வெறும் குவளையை மறுபடி நீட்டினான். டாக்டர், "எனக்கும் ஒரு சொட்டு. என் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். எனக்கு என்னமோ இடக்காது அடைத்தது. குளிராகவும் இருக்கலாம்.

அந்த வைன் பிறகு கடைக்கு வரவேயில்லை. அண்ணை வருகிறார், எல்லா விழாவுக்கும். டிக்கியடியில் குகனுடைய விஸ்கியைத் திறந்ததும், "ஒரு மணித்தியாலம் பொறுங்கோ" என்கிறார். விஸ்கிக்கு அது தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பொறுக்கிறோம்.

போன கிழமை என் வீட்டுக்கு வந்தார். வாசலில் இருப்பது நாலு படி. அதற்கும் சுவரைப் பார்த்துத்தான் ஏறினார். கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் பழக்கத்தில் இடது கை கோட்டுக்குள் போய்க் கக்கத்தை அணைத்திருந்தது. படி உறைந்து வழுக்குமே என்று நான் முன்னமே வாசலில் போய் நின்றிருந்தேன்.

"என்ன பாக்கிறாய்? நான் ஒண்டும் கொண்டரேல்லை" என்றார்.

"கையைத் தாங்கோ அண்ணை" என்றேன்.

கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்துத் தந்தார். நல்ல சூடாக இருந்தது.